சுங்க மாளிகைக்கு மேல் ஒரு மேகம்

7

அண்ணி அந்த வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். தூண்கள் எனக்கு மனப்பாடமாகியிருந்தன. அதனால் நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாலு, எங்க பாக்கறே?"

"மேகத்தை, அண்ணி. முன்னங்காலில மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஒரு நாய் தூங்கற மாதிரியே இல்ல? வாலைக்கூட சுருட்டி வெச்சிருக்கு பாருங்க."

"கேஸ் கழுத்தைப் பிடிக்குது. உனக்கு நாய் தூங்குது."

"நம்மள்ல ஒருத்தராவது தூங்கட்டுமே."

அண்ணி என் அண்ணனின் மனைவி. துப்பறிவது அவர் தொழில். பின்னாலேயே போய் வாயாடுவது என் தொழில். 'வாலு' என்று எனக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். வீட்டில் மற்றவர்கள் அதை உடனே ஒப்புக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

எங்களுக்கு எதிரே, நாற்காலியின் நுனியில், பரீட்சை எழுத வந்தவர் போல விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் நகர வரலாறு கற்பிப்பவர். விடுமுறை நாட்களில் காலனி ஆட்சிக் காலத்துக் கட்டடங்களைப் பற்றி வீடியோ எடுப்பார்: பழைய நீதிமன்றம், ரயில் நிலையம், தபால் அலுவலகம், எல்லாமே. கேமரா பிடிப்பவர் அவருடைய அண்ணன். ஒவ்வொரு வீடியோவும் "இந்தப் படத்தில் எந்தக் காட்சியும் மாற்றப்படவில்லை" என்ற வாக்கியத்தோடுதான் தொடங்கும். அதற்குப் பிறகு வரும் தகவல்கள் ஒவ்வொன்றுக்கும் திரையின் அடியில் ஆதாரம் ஓடும். கல்லூரி இவற்றையே பாடமாக வைத்திருந்தது. மாணவர்களைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. மாணவர்களும் வருகைப்பதிவுக்குப் பயந்துதான் பார்த்தார்கள்.

அப்போதுதான் சுங்க மாளிகை வந்தது.

விரிவுரையாளர் தன் வீடியோவை வெளியிடுவதற்குச் சில வாரங்கள் முன்பே, யார் நடத்துகிறார் என்றே தெரியாத 'பழைய சுவர்' என்ற சேனலில் சுங்க மாளிகை வெளியாகிவிட்டது. அதே தூண், அதே கதவு, அதே மேகம். விரிவுரையாளர் எழுதிய வாக்கியங்கள் வார்த்தை பிசகாமல் திரையில் எழுத்தாக ஓடின. பின்னணியில் வயலின். ஊரே அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு விரிவுரையாளரின் வீடியோ வந்தது. ஒரு முன்னாள் மாணவன் இரண்டையும் அருகருகே வைத்துக் கல்லூரிக்குப் புகார் அனுப்பினான்: மேடம் காப்பியடித்துவிட்டார்.

இன்று மாலை விசாரணைக் குழு கூடுகிறது. வீடியோ தன்னுடையதுதான் என்று அவரால் நிரூபிக்க முடியாவிட்டால் பாடம் போகும், வேலையும் போகலாம். காப்பியடித்த மாணவர்களை இத்தனை வருஷம் நிற்கவைத்துத் திட்டியவர் அதே பெயரோடு கல்லூரிப் படிகளில் இறங்க வேண்டியிருக்கும்.

"ஒரிஜினல் கேமரா கார்டு இருந்தா விஷயம் முடிஞ்சுடுமே?" என்று அண்ணி கேட்டார்.

"அதைத்தான் அண்ணன்கிட்ட முதல் நாளே கேட்டேன். அழிச்சுட்டானாம். அடுத்த கல்யாணத்துக்குக் கார்டு வேணும்னு."

அவருடைய அண்ணன் கல்யாண வீடியோக்காரர். ஊரில் பாதிப் பேருடைய திருமண ஆல்பம் அவர் கைப்பட்டதுதான், என்னுடையதும் சேர்த்து. அந்தப் பழக்கத்தில்தான் விரிவுரையாளர் எங்களைத் தேடி வந்திருந்தார்.

"உங்க அண்ணன் மேல சந்தேகம்?"

"அவன் மேலயா?" விரிவுரையாளர் முதல்முறையாகச் சிரித்தார். "எனக்காக வெயில்ல கேமராவைத் தூக்கிக்கிட்டு அலையறவன் மேடம். என்னைப் பார்த்தா பயம்கூட அவனுக்கு."

அண்ணி வீடியோவை நிறுத்தினார். திரையில் மாளிகையின் முகப்பு. அதற்கு மேல் நாய்.

"வாங்க, கட்டடத்தைப் பார்த்துட்டு வருவோம்."

"எதுக்கு அண்ணி? கட்டடம் சாட்சி சொல்லுமா?"

"உன்னை விடக் கொஞ்சமாப் பேசும். அதுவே போதும்."

சுங்க மாளிகை துறைமுகச் சாலையின் முடிவில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி போல நின்றுகொண்டிருந்தது. விறைப்பு குறையவில்லை, சட்டைதான் நைந்திருந்தது. காரிலிருந்து இறங்கியதும் விரிவுரையாளருக்கு விசாரணை மறந்துவிட்டது.

"இந்தத் தூணெல்லாம் கல்லுன்னு நினைக்கறீங்களா? செங்கல். மேல சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரம் காயறதுக்குள்ள கோடு கிழிச்சிருக்காங்க. கல் அடுக்கின மாதிரி தெரியணும்னு. வெள்ளைக்காரங்களுக்கு அவங்க ஊர்க் கட்டடம் மாதிரி இருக்கணும், ஆனா கல் கொண்டுவர வழியில்ல."

"அந்தக் கோடி ஜன்னல் மட்டும் ஏன் அழுக்கே இல்லாம இருக்கு?" என்றேன்.

"அது ஜன்னலே இல்ல. பின்னால மாடிப்படிச் சுவர். அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கே, இந்தப் பக்கம் மொட்டையா இருந்தா முகப்பு கோணலாத் தெரியுமே, அதுக்காக வெறும் சட்டமும் பலகையும் பொருத்தியிருக்காங்க. திறக்கவே திறக்காது."

"என் மாமனாரோட முன்பல்லு மாதிரி. அழகுக்கு மட்டும், கடிக்க உதவாது."

விரிவுரையாளர் சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்து, கூடாது என்று முடிவு செய்தார். அண்ணி எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம், வீடியோவில் கேமரா நின்ற அதே இடத்தில் நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அது எப்ப வந்தது?"

மாளிகையின் முக்கோண முகட்டுக்குப் பின்னால், அதன் தலையில் குத்திய ஊசி போல, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு செல்போன் டவர் நின்றது.

"அந்தச் சனியனா? வருஷக்கணக்கா நிக்குது. படம் எடுக்க வந்த அன்னிக்கே அண்ணன்கிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன், எனக்கு அது தெரியவே கூடாதுன்னு."

"வீடியோவில தெரியல."

"ஆமா. அதை மட்டும் நல்லா செஞ்சுட்டான்."

"எப்படிச் செஞ்சார்?"

விரிவுரையாளர் டவரையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணி இடப்பக்கம் நடந்து பார்த்தார். டவர் தெரிந்தது. வலப்பக்கம் போனார். டவர் கூடவே வந்தது. "வாலு, படு," என்றார்.

"ரோட்டிலயா?"

"கேமராவைத் தரையில வெச்சு எடுத்திருக்கலாம் இல்லையா? படு."

படுத்தேன். ஒரு சைக்கிள்காரர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். போகும்போது மணி அடித்தார், அனுதாபமாகத்தான். சாலையில் படுத்துப் பார்த்தால் ஒரு நகரம் எவ்வளவு மேலே மேலே போகிறது என்பது புரிகிறது. டவரும் அப்படியே மேலே மேலே போனது.

"படுத்தாலும் தெரியுது அண்ணி. எந்திரிக்கலாமா?"

"எந்திரி. டவரை மறைக்க முடியாது. அப்ப வானத்தைத்தான் மாத்தியிருக்காங்க."

"என் படத்திலயா?" விரிவுரையாளரின் குரல் கீச்சென்று வந்தது.

"ரெண்டு படத்திலயும். இவனோட நாய் ரெண்டுலயும் தூங்குதே. உங்க கண்ணில படவே இல்லையா?"

"நான் தூணைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், சாந்துப் பூச்சைப் பார்த்தேன்..." அவர் மெதுவாகத் தலையை உயர்த்தினார். "மேல பார்க்கவே இல்லையே மேடம்."

பக்கம் பக்கமாக ஆதாரம் தேடுகிறவர் வானத்துக்கு ஆதாரம் கேட்காமல் விட்டுவிட்டார். அண்ணி அவரைத் தேற்றவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உன் கல்யாணத்தன்னிக்கு மழை, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? காலையில பிடிச்ச மழை விடவே இல்ல. என் ஷூவுக்குள்ள குளமே இருந்தது."

"உன் போனை எடு. முகப்பில என்ன படம் வெச்சிருக்கே?"

நானும் என் மனைவியும் மண்டப வாசலில் நிற்கும் படம். அவள் வைத்தது. மாற்றினால் விளைவுகள் உண்டு. எடுத்துப் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் பளிச்சென்ற நீல வானம். அதில், முன்னங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு...

"ஐயையோ."

"தினமும் நூறு தடவை பாக்கற படம். நீயும் பாக்கல."

"அவங்க கட்டடத்துத் தூணைப் பார்த்தாங்க அண்ணி. நான் என் வீட்டுத் தூணைப் பார்த்தேன்."

"தூண்னு சொன்னதை அவகிட்ட அப்படியே சொல்றேன், இரு."

அண்ணனுடைய ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் விரிவுரையாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுவர் முழுக்க மணமக்கள். குட்டையான ஜோடி, நெட்டையான ஜோடி, சிரிக்கும் ஜோடி, அழப்போகும் ஜோடி. எல்லோருக்கும் மேலே ஒரே நாய், ஒரே தூக்கம். எங்கள் ஊரில் இத்தனை வருஷமாக நடந்த அத்தனை கல்யாணத்தையும் அது ஒன்றே காவல் காத்துவந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அதன் மேல் மரியாதையே வந்துவிட்டது.

ஸ்டூடியோக்காரர் பருமனான, மெதுவான மனிதர். தங்கையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"அழகான மேகம்," என்றார் அண்ணி, சுவரைக் காட்டி. "எங்க வாங்கினீங்க?"

"வாங்கலைங்க." அவசரமாகச் சொன்னார். பெருமையைக் காப்பாற்றுகிற அவசரம். "என்னோட சொந்த மேகம். முதல் கேமரா வாங்கின மறுநாள் விடியக்காலம் மொட்டை மாடியில எடுத்தது. அந்த மாதிரி இன்னொண்ணு வரவே இல்ல."

"அண்ணா!" என்றார் விரிவுரையாளர்.

ஸ்டூடியோக்காரரின் முகம் வாடியது. "நீதானேம்மா கம்பம் தெரியக் கூடாதுன்னே."

"நீ நகர்ந்து நின்னு எடுப்பேன்னு நினைச்சேன்! வானத்தை மாத்தச் சொன்னேனா? ஒவ்வொரு படத்திலயும் முதல் வரி என்ன சொல்றேன்?"

"கட்டடத்தைத் தொடலையே. வானம் யாரோட கட்டடம்?"

"சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றார் அண்ணி. "அழிச்ச கார்டை எடுங்க சார்."

"அழிச்சுட்டேங்க அதை..."

"ஒரு மேகத்தை இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருக்கறவர் கார்டை அழிப்பாரா? ஒரிஜினல்ல டவர் தெரியும். தங்கச்சி கண்ணில பட்டா வம்பு. அதான் இல்லேன்னுட்டீங்க."

ஸ்டூடியோக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து, நகத்தளவு கார்டு ஒன்றை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். வெளிறிய வானம், முகட்டில் டவர், அதற்குக் கீழே "அண்ணா, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்கும் விரிவுரையாளர். வீடியோ அவருடையதுதான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அவர் சொல்லும் முதல் வரி பொய் என்பதற்கும் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

"திருடன் யாருன்னு தெரியாமலே தப்பிச்சாச்சு," என்றேன். "கிளம்பலாமா?"

"லேப்டாப்பை ஒரு தடவை ரிப்பேருக்குக் கொடுத்தேங்க," என்றார் ஸ்டூடியோக்காரர், யாரும் கேட்காமலே. "அங்கதான் எவனோ..."

"அந்த எவனோ ரொம்ப நல்லவன் சார்," என்றார் அண்ணி. "இவ்வளவு அன்பாத் திருடின ஆளை நான் பார்த்ததே இல்ல. தூணெல்லாம் மெதுவா நடந்து வருது. கதவு திறக்கற இடத்தில நிறுத்தி நிறுத்தி, கல்யாணப் பொண்ணு உள்ள வர்றதுக்கு வழி விட்டிருக்கான். பொண்ணுதான் வரல."

நான் சிரித்தேன். ஸ்டூடியோக்காரர் சிரிக்கவில்லை.

"அப்புறம், அந்தப் 'பழைய சுவர்' படத்தில முகட்டிலேருந்து புறா கூட்டமாப் பறக்குமே, டீச்சர், அது உங்க படத்தில எங்க வரும்?"

"வராது. நான் அதைப் பார்த்த அன்னிக்கே வெட்டச் சொல்லிட்டேன்."

"வெட்டி வேற எங்கயாவது கொடுத்தீங்களா?"

"இல்லையே. இங்கதான் வெட்டினோம். இந்த நாற்காலியில நான், அந்த நாற்காலியில..."

வாக்கியம் அங்கேயே நின்றது. ஸ்டூடியோக்காரர் 'அந்த நாற்காலி'யில் மெதுவாக உட்கார்ந்தார். அது முனகியது.

"நீ ஆதாரம் தேடிக்கிட்டு மாசக்கணக்கா உக்காந்திருந்தே," என்றார். "எனக்குக் கை பரபரன்னு இருந்தது. எனக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு வெட்டி ஒட்டிப் பார்த்தேன். உன் எழுத்தையே போட்டேன், என்னால அப்படி எழுத வராதே. பெயர் போடல. யார் பாக்கப் போறாங்கன்னு நினைச்சேன். திடீர்னு ஊரே பாத்துடுச்சு. உனக்கு நோட்டீஸ் வந்தப்ப சொல்லணும்னுதான் வந்தேன். சொன்னா இனிமே என்னைக் கேமரா தொட விடமாட்டேன்னு..."

"ஒரு புறாவுக்காகவா அண்ணா? புறாவுக்கும் நகர வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதுவும் அங்கதானேம்மா குடியிருக்கு."

விரிவுரையாளருக்குக் கோபம் வந்தது. "என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டு, பெயர்கூடப் போடாம ஒளிஞ்சுக்கிட்டே!"

"டீச்சர்," என்றார் அண்ணி, மிகவும் சாதுவாக. அவர் சாதுவாகப் பேசினால் நான் ஒரு அடி பின்னால் போய்விடுவேன். "உங்க படத்தோட கடைசியில நன்றி ஓடுமே, யார் யாருக்கு?"

"ஆவணக் காப்பகத்துக்கு. நூலகருக்கு. பழைய வரைபடம் கொடுத்தவருக்கு. கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேனுக்கு."

"வாட்ச்மேனுக்குமா?"

"திறந்துவிட்டாரே, போடாம இருக்க முடியுமா?"

"படம் எடுத்தவருக்கு?"

"அது அண்ணன் மேடம். வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி..." அவர் நிறுத்தினார். செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஆதாரம் போட்டவர், இத்தனை வருஷமும் தன் பக்கத்தில் கேமராவோடு நின்றவரை ஒரு தடவைகூடக் குறிப்பிடவில்லை. "கேட்டதே இல்லையே அண்ணா நீ," என்றார்.

"வீட்டுக்குள்ள என்னத்தக் கேக்கறது?"

கல்லூரிக்குப் போகும் வழியெல்லாம் பின்சீட்டிலிருந்து ஸ்டூடியோக்காரர் கெஞ்சிக்கொண்டே வந்தார். "கார்டைக் காட்டாதே. மேகத்தைப் பத்தி வாயே திறக்காதே. சேனல் என்னோடதுதான்னு அவங்க முன்னாலயே போன்ல திறந்து காட்டிடறேன். திருட்டு என்னோட போகட்டும். உன் முதல் வரி உனக்கு இருக்கட்டும்."

விரிவுரையாளர் கியரைக் கொஞ்சம் அழுத்தி மாற்றினார்.

விசாரணை அறைக்குள் அண்ணனும் தங்கையும் போனார்கள்; எங்களை விடவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவு சரியாகச் சாத்தாது. அண்ணி தேர்ந்தெடுத்த பெஞ்சு அப்படி. உள்ளே நீள மேசை, அதன் பின்னால் துறைத்தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

விரிவுரையாளர் உட்காரவில்லை. வகுப்பெடுக்கிறவர் போல நின்று, கார்டைப் போட்டு ஓடவிட்டார். டவர் தெரிந்தது. வெளிறிய வானம் தெரிந்தது.

"இது ஒரிஜினல். இந்த வீடியோ என்னோடது. ஆனா நான் வெளியிட்டதில வானம் மாத்தப்பட்டிருக்கு. 'எந்தக் காட்சியும் மாற்றப்படவில்லை'ன்னு நான் சொன்ன வரி தப்பு. மேல பார்க்காம சொல்லிட்டேன். இன்னிக்கே திருத்தம் போடறேன்."

ஸ்டூடியோக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"திருத்தம் கட்டாயம் போடணும், அது பெரிய விஷயம்," என்றார் துறைத்தலைவர் கறாராக. "அப்ப 'பழைய சுவர்' யாரு?"

"நான்தாங்க," என்று ஸ்டூடியோக்காரர் போனை நீட்டினார். சேனல் திறந்திருந்தது. துறைத்தலைவர் பார்த்தார். கொட்டாவிக்காரர் எட்டிப் பார்த்தார். தூக்கம் போய்விட்டது அவருக்கு.

"அந்தப் புறா எடுத்தது நீங்களா?"

"ஆமாங்க."

"என் வீட்டில அதைப் பத்து தடவை பார்த்தாங்க."

துறைத்தலைவர் அவரை முறைத்தார். பிறகு மற்றவர்களோடு தலையைச் சேர்த்து ஏதோ முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பு முடிவதற்குள் நான் அண்ணியின் முந்தானையைப் பிடித்திருந்தேன். அவர் என் விரலைப் பிரித்துவிட்டார்.

"காப்பியடிச்சதா வந்த புகாரைத் தள்ளுபடி பண்றோம். பாடம் தொடரும். அண்ணன் தங்கச்சி தகராறுக்கு எங்ககிட்ட விதி இல்ல." பேனாவை எடுத்தார். "பதிவுக்காக ஒண்ணு. இந்த வீடியோவோட படப்பிடிப்பு யாரு? உங்க பெயர் சொல்லுங்க."

ஸ்டூடியோக்காரர் தொண்டையைச் செருமினார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் செருமினார். ஆயிரம் கல்யாணத்தில் எல்லோரையும் "இங்க பாருங்க" என்று கூப்பிட்ட குரல் அது.

அவருடைய தங்கை ஒரு அடி முன்னால் வந்து, இனிஷியலோடு, அடிக்குறிப்பு வாசிக்கிற அதே குரலில், அந்தப் பெயரைச் சொன்னார். துறைத்தலைவர் எழுதி முடிக்கும்வரை நின்று, எழுத்துகள் சரிதானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.